ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில்நுட்பப் புத்தாக்குநரும் பேருந்துத் தொழிலதிபரும் கல்விக் கொடையாளரும் ஆவார். இவரது முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தொடக்கப் பள்ளியைக்கூட முழுமையாக முடிக்காத இவர், இந்தியாவில் உருவான முதல் மின்னோடியின் தயாரிப்பில் பங்கு கொண்டார். குறைந்த விலையில் வானொலிப் பெட்டி, சவரக் கருவி, இருவர் அமரும் மகிழுந்து முதலியவற்றை உருவாக்கினார். 1945 இல் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். ஆனால் அக்கல்லூரியின் பாடத்திட்டக் காலத்தை ஏற்க இயலாமல் அதன் பொறுப்பிலிருந்து விலகினார். பொறியியலை நூலில் தொடங்காமல் பட்டறையில் தொடங்கிக் கற்க வேண்டும் என்பதே வாழ்நாள் முழுவதும் இவர் முன்வைத்த கருத்து. செய்தி இதழ்களில் இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழியுடன் குறிப்பிடப்படுகிறார்.

இளமை

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர் கோபால்சாமி. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளியில் இவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடிய பையன் என்று இவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. மூன்றாம் வகுப்புடன் படிப்பு நின்றது. அதன் பின் தந்தையின் தோட்டத்தில் வேலை செய்தார். ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்களைத் தாமே படித்துக் கொண்டார். பிற்காலத்தில் பெரிய நூலகம் ஒன்றைச் சேர்த்தவர், எழுதப் படிக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கு வெளியேதான் பெற்றார் என்பது இவருடைய கல்விக் கருத்துகளைப் புரிந்துகொள்ள உதவும்.

ரட்ஜ் விசையுந்து

ஏறத்தாழ இருபது வயதில், வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் பிரித்தானிய விசையுந்தில் வந்ததை ஊரில் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடியது இவரை உலுக்கியது. அப்படி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற ஒரே நோக்குடன் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். பணம் சேர்ந்ததும் விசையுந்தை வாங்கினார். வாங்கியதும் இவர் செய்த வேலை, அதை முழுவதும் கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டியதாகும்.

அக்காலத்து ரட்ஜ் விசையுந்தில் எந்திரத்துக்கு ஒரே உருளைதான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பகுதி, பொறியை உண்டாக்கும் காந்த மின்னாக்கி, விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பட்டை என எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருந்தன. கழற்றிப் பார்ப்பவருக்கு ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று தானே விளங்கிவிடும். மூடிய பெட்டிகளாக வரும் இன்றைய எந்திரங்கள் அந்த வாய்ப்பைத் தருவதில்லை. நாயுடுவின் முதல் பொறியியல் பாடநூல் இந்த விசையுந்துதான் எனலாம்.

இதன் பின் பழுதுபார்க்கும் தொழிலில் ஈடுபட்டார். திருப்பூரில் பருத்தி அரைவைத் தொழிலில் இறங்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல பொருள் ஈட்டினார். அந்தப் பணத்துடன் பம்பாய்க்குச் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு அனைத்தையும் இழந்தார். கோவைக்கு வெறுங்கையுடன் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோவையின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் நாயுடுவுக்குக் கைகொடுத்தார். அவருடைய உதவியுடன் 1920 இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். தொடக்கத்தில் ஓட்டுநரும் இவரே. பழனிக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டு முழுவதும் இருந்ததால் அந்தத் தடம் நல்ல தேர்வாக அமைந்தது.

சில ஆண்டுகளிலேயே யூ. எம். எஸ். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட இவரது நிறுவனம் 200 க்கும் மேற்பட்ட பேருந்துகளை இயக்கும் அளவுக்கு வளர்ந்தது. அக்காலத்தில் நாட்டின் மிகச் செம்மையான பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக அது கருதப்பட்டது. அறிவித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதில் இவர் கண்டிப்பானவர். பயணச்சீட்டு வழங்கும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்.

பேருந்து நிறுவனத்துடன் வளர்ந்த பணிமனைதான் இங்கு முதன்மையானது. அக்காலத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்று உறுப்பு கப்பலில் வந்து சேர வேண்டும். அதுவரை பேருந்து ஓடாது. எனவே உடைந்த உறுப்பை அளந்து, அதே போன்ற ஒன்றை இங்கேயே கடைந்தெடுக்கும் திறன் பணிமனைக்குத் தேவைப்பட்டது. பிற்காலத்தில் கருவிகளை வடிவமைக்கும் இடமாக இந்தப் பணிமனை மாறியதற்கு இந்தத் தேவையே காரணம்.

முதல் மின்னோடி

பைக்காரா நீர்மின் திட்டம் 1932 இல் செயற்படத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. நூற்பாலைகள் பெருகின. கிணற்று நீரை நம்பியிருந்த கொங்கு உழவர்களுக்கு மின்சார இறைப்பி பெரும் தேவையாயிற்று. ஆலைக்கும் கிணற்றுக்கும் வேண்டிய மின்னோடிகளோ வெளிநாடுகளிலிருந்தே வந்தன. கோவையில் இன்றும் எல்லாரும் மோட்டார் என்றே அழைக்கும் கருவி இதுதான்.

இந்நிலையில் 1937 இல் பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நேசனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்தில் தா. பாலசுந்தரம் நாயுடு ஒரு மின்னோடியை உருவாக்கினார். இந்தியாவில் தயாரிக்கப்பட்ட முதல் மின்னோடியாக இது குறிக்கப்படுகிறது. வடிவமைத்துச் செய்த பாலசுந்தரத்தின் பெயர் பொதுமக்கள் நினைவில் பின்னுக்குப் போய்விட்டது. நாயுடுவின் பெயரே முன்நிற்கிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார். அதன் வழியே கோவையில் எந்திரத் தொழில் வேரூன்றியது.

மின்னோடியின் தத்துவம் எளிது. கம்பிச் சுருள்களில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுழலும் காந்தப்புலம் ஒன்று உண்டாகிறது. நடுவிலுள்ள சுழலி அதைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. கடினம் செய்முறையில் உள்ளது. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். காப்பிட்ட செப்புக் கம்பியைக் கணக்குத் தவறாமல் சுற்ற வேண்டும். சுழலிக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் இடையில் மிகக் குறுகிய இடைவெளி மட்டுமே இருக்க வேண்டும். இரண்டும் உரசிவிடவும் கூடாது. இவை கைத்திறன் சார்ந்தவை. கோவைப் பட்டறைகளில் இத்திறன் பரவியதால்தான் நாட்டின் இறைப்பித் தயாரிப்பில் பெரும்பங்கு அந்நகருக்குக் கிடைத்தது. இன்றைய மின்சாரக் காரிலும் மின்சாரப் பேருந்திலும் பந்தய ஊர்தியிலும் இருப்பது, கட்டுப்பாட்டு மின்னணுவியல் நீங்கலாக, இதே குடும்பத்தைச் சேர்ந்த கருவிதான்.

பிற கருவிகள்

நாயுடு பலமுறை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்தார். ஒளிப்படக் கலையில் ஆர்வம் மிக்க இவர், 1936 சனவரியில் இலண்டனில் நடந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் திரைப்படக் கருவியில் பதிவு செய்தார். காந்தி, நேரு, சுபாசு சந்திர போசு ஆகியோரையும் படம் பிடித்துள்ளார்.

செருமனியிலிருந்து பெற்ற சிறு மின்னோடியைக் கொண்டு இயங்கிய ரசந்த் என்னும் சவரக் கருவி இவருடைய கண்டுபிடிப்புகளுள் பெயர் பெற்றது. மிக மெல்லிய சவர அலகு, படக்கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி ஆகியவையும் இவர் பெயரில் உள்ளன. 1941 இல் ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் தர முடியும் என்று அறிவித்தார்.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றில் எதுவும் புதிய அறிவியல் கோட்பாட்டின் மேல் எழுந்ததன்று. ஏற்கனவே உள்ள பொருளைப் பிரித்துப் பார்த்து, தேவையற்றதை நீக்கி, எளிய மனிதர் வாங்கும் விலைக்குக் கொண்டு வருவதே நாயுடுவின் வழி. எடிசனுடன் ஒப்பிடுவதைவிட இதைத் தனி வகையாகக் கொள்வதே பொருத்தம். எதையும் மலிவாகச் செய்யும் முயற்சியில் பெரும்பாலான கருவிகள் பெருமளவு உற்பத்தி என்ற நிலையை எட்டாமலே போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

1952 இல் இருவர் அமரக்கூடிய, பெட்ரோலில் ஓடும் சிறு மகிழுந்தை நாயுடு உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். இம்முயற்சி உற்பத்தி நிலைக்குச் செல்லவில்லை. தேவையான உரிமத்தை அரசு வழங்க மறுத்ததே காரணம்.

உரிமம் என்பது அக்காலத்தில் பெயரளவுச் சடங்கன்று. 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், முதன்மைத் தொழில்களில் யார் எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை நடுவண் அரசின் இசைவுக்கு உட்படுத்தியது. அரிய அன்னியச் செலாவணியைப் பலர் பங்கிட்டு வீணாக்கக் கூடாது, மகிழுந்துத் தொழில் ஒருசில நிறுவனங்களிடம் இருந்தால்தான் உள்நாட்டு உறுப்புகளின் பங்கை உயர்த்த முடியும் என்பது அரசின் வாதம். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் விளைவு என்னவென்றால், வெளிநாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பைப் பெற்று இங்கே பூட்டியவர்கள் உரிமம் பெற்றனர்; சொந்தமாக வடிவமைத்தவர் வெளியே நின்றார். மலிவான மகிழுந்து என்ற எண்ணம் மீண்டும் பெரிய அளவில் செயலாக 1983 இறுதியில் மாருதி 800 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதே காலப்பகுதியில் தமிழ்நாட்டின் ஊர்தித் தொழில் சென்னையைச் சுற்றி வளர்ந்தது. 1948 இல் தோன்றிய அசோக் மோட்டார்சு 1955 இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அம்பத்தூரில் 1949 முதல் டி. ஐ. மிதிவண்டித் தொழிற்சாலை இயங்கியது. ஆவடியில் 1961 இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. கோவை மகிழுந்து நகரமாக ஆகவில்லை. உறுப்புகளும் மின்னோடிகளும் செய்யும் நகரமாகவே நிலைத்தது.

அரசின் வரிக் கொள்கையுடனும் நாயுடு மோதினார். 1950களில் வருமான வரிக்கு எதிர்ப்பைக் காட்டும் வகையில் தாம் செய்த கருவிகள் சிலவற்றை மக்கள் முன்னிலையில் அடித்து நொறுக்கினார். அந்தச் செயல் பரபரப்பை ஏற்படுத்தியதே தவிரக் கொள்கையில் மாற்றம் எதையும் கொண்டு வரவில்லை. இதற்கு முன் 1936-37 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வி கண்டிருந்தார்.

ஆர்தர் ஹோப் கல்லூரி

1944 இல் ஊர்தித் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகிய நாயுடு, ஆய்வு உதவித்தொகை, தொழிலாளர் நலம், பின்தங்கிய மக்களுக்கான உதவி முதலிய அறப்பணிகளை அறிவித்தார். அடுத்த ஆண்டு, சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பின் ஒத்துழைப்புடன் கோவையில் ஆர்தர் ஹோப் பல்தொழில்நுட்பப் பயிலகமும் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்த நாயுடு கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவிநாசி சாலையில் அப்பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது; பேருந்து நடத்துநர்களும் அப்படியே கூவுகின்றனர். கல்லூரியோ அங்கே இல்லை. அது பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருகிறது.

பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் நிலைப்பாடு. எஞ்சிய காலம் மாணவரின் இளமையையும் பெற்றோரின் பணத்தையும் வீணாக்குவதாகக் கருதினார். இந்தக் கருத்தை அன்றைய ஆங்கில அரசு ஏற்கவில்லை. தாம் உருவாக்கக் காரணமாக இருந்த கல்லூரியின் பொறுப்பைத் துறந்து வெளியேறினார் நாயுடு. வானொலி, மின்னியல், ஊர்திப் பொறியியல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளைத் தாமே நடத்தினார். சில பயிற்சிகள் ஆறு வாரங்களே நீடித்தன.

இந்தச் சிக்கலில் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. கழற்றிப் பூட்டத் தெரியாமல் பட்டம் பெறும் பொறியாளர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். நாயுடு சுட்டிக்காட்டிய குறை கற்பனையன்று. மறுபுறம், ஆறு வாரத்தில் வானொலியைப் பழுது பார்க்கக் கற்றுவிடலாம். புதிய வானொலியை வடிவமைக்கும் கணிதம் ஆறு வாரத்தில் வராது. ஒரு பாலமோ ஓர் உயர் மின்னழுத்த அமைப்போ, செய்து பார்த்து உடைந்த பின் திருத்திக்கொள்ளக் கூடிய பொருள்களல்ல. நாயுடு தம் சொந்த அனுபவத்தை எல்லாருக்குமான விதியாக்கினார். ரட்ஜ் விசையுந்தைக் கழற்றிய எல்லாரும் நாயுடு ஆகிவிடுவதில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேளாண்மையும் பிற முயற்சிகளும்

தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் பயிர்களிலும் ஆய்வு செய்தார். பத்து அடி உயரம் வளர்ந்த பருத்திச் செடிகள், மிகுதியாகக் காய்க்கும் பப்பாளி ஆகியவற்றைக் காண அறிஞர்கள் இவரது தோட்டத்துக்கு வந்தனர். அறிவியலாளர் ச. வெ. இராமன் இவரது பன்முக ஆற்றலைப் பாராட்டியவர்களுள் ஒருவர். காலையில் அடித்தளமிட்டு மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டியதும் இவருடைய முயற்சிகளுள் பரவலாகப் பேசப்படுவதாகும். வேலையை முன்கூட்டியே பகுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் உரிய நேரத்தை வகுத்துவிட்டால் எதையும் விரைவில் முடிக்கலாம் என்பதை மெய்ப்பிக்கவே இதைச் செய்தார். பேருந்து கால அட்டவணையைக் கட்டட வேலைக்குப் பொருத்திய செயல் என்றும் இதைக் கொள்ளலாம்.

1974 சனவரி 4 அன்று நாயுடு காலமானார். அவருக்குப் பின் அவர் மகன் ஜி. டி. கோபால் அறக்கட்டளைப் பணிகளைத் தொடர்ந்தார்.

பட்டறைக் கல்வியும் மாணவர் ஊர்தி அணிகளும்

நாயுடு கேட்ட இரண்டாண்டுப் பட்டம் வரவில்லை. பொறியியல் பட்டம் இன்றும் நான்கு ஆண்டுகளே. ஆயினும் அவர் வலியுறுத்திய பட்டறைக் கல்வி, வகுப்புக்கு வெளியே வேறொரு வழியில் கல்லூரிகளுக்குள் நுழைந்துள்ளது. மாணவர்கள் அணியாகச் சேர்ந்து ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்தியை வடிவமைத்து, செய்து, ஓட்டிக்காட்டும் போட்டிகளே அவை.

இவ்வகைப் போட்டி 1981 இல் அமெரிக்காவின் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் இதன் ஒரு வடிவமான சுப்ரா போட்டி 2011 இல் சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டியுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் முதன்முதலாக நடைபெற்றது. பார்முலா பாரத் என்ற மற்றொரு போட்டி, நாயுடுவின் ஊரான கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் நடந்து வருகிறது. இத்தடம், கோவையைச் சேர்ந்த பந்தய ஓட்டுநரும் ஊர்தி வடிவமைப்பாளருமான சு. கரிவர்த்தனின் பெயரைத் தாங்கியது. பெட்ரோல் ஊர்திகளுடன் மின்சார ஊர்திகளுக்கும் இங்குத் தனிப் பிரிவு உண்டு.

இப்போட்டிகளில் விரைவு மட்டும் மதிப்பெண் பெற்றுத் தருவதில்லை. ஏன் இந்த அளவுள்ள குழாயைத் தேர்ந்தீர்கள், ஊர்தியின் செலவு எவ்வளவு, இதை விற்பனைக்குக் கொண்டுவர என்ன திட்டம் என்று நடுவர்கள் கேட்பார்கள். விடை சொல்லத் தெரியாத அணி, நன்றாக ஓடும் ஊர்தியுடனும் பின்தங்கிவிடும். செலவுக் கணக்கு பொறியியலின் ஒரு பகுதி என்று நினைத்த நாயுடுவுக்கு இது பிடித்திருக்கும். ஓர் அணியில் சட்டகம், தடை, மின்கலம், மின்னணுவியல், பணம் திரட்டல் எனப் பல பிரிவுகள் உண்டு. இறுதியாண்டு மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவதால், ஆண்டுதோறும் அறிவில் ஒரு பகுதி கல்லூரியை விட்டு வெளியேறிவிடுகிறது. குறிப்பெடுத்து வைக்காத அணி அடுத்த ஆண்டும் அதே பிழையைச் செய்கிறது.

மின்சாரப் பிரிவில், நாயுடுவின் முறையின் எல்லையும் தெளிவாகத் தெரிகிறது. அத்தகைய ஊர்தியின் மின்கலத் தொகுப்பு சில நூறு வோல்ட் அழுத்தம் கொண்டது. கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கையை விட்டால் உயிர் போகும். எனவே மின்காப்பு குறைந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுற்று, மின்கலங்களின் வெப்பத்தைக் கண்காணிக்கும் அமைப்பு ஆகியவை இல்லாமல் ஊர்தியைத் தடத்தில் இறக்க விடுவதில்லை. போட்டி நாள்களில் மின்சார அணிகள் பல, ஒரு சுற்றுக்கூட ஓட்டாமல் பரிசோதனைக் கூடாரத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

செருமனியில் நடைபெறும் போட்டியில் 2017 முதல் ஓட்டுநர் இல்லா ஊர்திகளுக்குத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. தடத்தின் இடப்பக்கம் நீல நிறக் கூம்புகளும் வலப்பக்கம் மஞ்சள் நிறக் கூம்புகளும் வைக்கப்படும். படக்கருவியும் ஒளிக்கதிர் தொலைவுமானியும் அவற்றைக் கண்டறிய, கணினி தன் மனத்தில் ஒரு வரைபடத்தை உருவாக்கி, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே வழி வகுத்துத் திசைமாற்றியையும் தடையையும் இயக்குகிறது. ஏதேனும் பிழை நேர்ந்தால் தொலைவிலிருந்து நிறுத்தும் அவசரத் தடை கட்டாயம். இங்கு ஊர்தியின் மிகக் கடினமான உறுப்பு நிரல். அதைத் திருப்பு கருவியால் கழற்ற முடியாது. ஆனால் ஓடவிட்டு, தவறிய இடத்தைப் பதிவேட்டில் தேடி, திருத்தி, மீண்டும் ஓடவிடும் முறை, ரட்ஜ் விசையுந்தைக் கழற்றிப் பூட்டிய முறையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

நினைவுகள்

கோவை அவிநாசி சாலையில் நாயுடுவின் கருவிகளும் அவர் திரட்டிய பொருள்களும் கொண்ட தொழில்நுட்பக் கண்காட்சி உள்ளது. அதே சாலையில் அவர் குடும்பத்தினர் 2015 இல் ஜீடி மகிழுந்து அருங்காட்சியகத்தைத் திறந்தனர். பல நாடுகளின் பழைய மகிழுந்துகள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. பள்ளி, கல்லூரி மாணவர்கள் அணியணியாக இவற்றைப் பார்க்க வருகின்றனர்.

இயக்குநர் ரஞ்சித் குமார் இவரது வாழ்வைப் பற்றி உருவாக்கிய ஆவணப்படம் 66 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் விருது பெற்றது. 2025 அக்டோபர் 9 அன்று அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்சு வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் ஜி. டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணையிட்டிருந்த நேரம் என்பதால், பெயரின் பின்னொட்டு குறித்து விவாதம் எழுந்தது. மேம்பாலம், ஹோப் காலேஜ் நிறுத்தத்தைக் கடந்தே செல்கிறது.